அல்சேஷன் கண்ணில் விழுந்த பூ

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்குக் கதை ஆரணியில, ஒரு நாயோட கண்ணுல ஆரம்பிக்குது.

எங்க பெரியப்பா வீடு ஆரணியில. முன்னாடி திண்ணை, உள்ளே ரெண்டு பட்டுத் தறி, பின்னாடி வெயில் கொட்டுற வாசல். அந்த வாசல்தான் டைகரோட ராஜ்ஜியம். டைகர் அஞ்சு வயசு அல்சேஷன். போன பொங்கலுக்குப் போனப்போ என்னைப் பார்த்துக் குரைச்சான். குட்டியில இருந்து என் மடியில வளர்ந்தவன். "டேய் டைகர்"னு குரல் கொடுத்ததும்தான் வால் ஆடுச்சு.

"கண்ணுல பூ விழுந்திருச்சுப்பா. வயசாகுது, என்ன பண்றது"ன்னாரு பெரியப்பா.

அஞ்சு வயசுல என்ன வயசாகுது? ஆனா வீட்டுல பேச்சு வேற மாதிரி போய்க்கிட்டு இருந்துச்சு. "தெருவுல யாரையாவது கடிச்சு வச்சா யார் பதில் சொல்றது"ன்னு பக்கத்து வீட்டுல கேக்க ஆரம்பிச்சிருந்தாங்க. எங்கேயாவது கொண்டு போய் விட்டுடலாமான்னு பெரியம்மாவே யோசிச்சாங்க.

"பூ விழுந்திருச்சு" நல்ல சொல்தான். ஆனா கருவிழி மேல எது படர்ந்தாலும் நமக்கு அது பூதான். புண் ஆறின தழும்பும் பூ, வேற எதுவா இருந்தாலும் பூ. டைகர் கண்ணை வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். வெள்ளையா எதுவும் இல்ல. ரெண்டு கண்ணுலயும் வெளி ஓரத்துல இருந்து சிவப்பா, சதை மாதிரி ஒண்ணு உள்ளே ஏறியிருந்துச்சு. அது படர்ந்த இடமெல்லாம் பழுப்பு நிறம். அதுக்குத் தனியா ஒரு பேர் இருக்கு. அந்தப் பேருக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேல ஒரு வரலாறும் இருக்கு.

ஒரு நாய், ஒரு கேப்டன், ஒரு பேர் மாற்றம்

1899, ஜெர்மனி. மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ்னு ஒரு குதிரைப்படை கேப்டன். ஒரு நாய்க் கண்காட்சியில ஒரு மேய்ப்பு நாயைப் பார்த்து அங்கேயே வாங்கிடுறாரு. ஹோரண்ட்னு பேர் வைக்கிறாரு. அதே வருஷம் சங்கம் ஆரம்பிச்சு, இனப் பதிவேட்டுல முதல் நாயா ஹோரண்டை எழுதுறாரு. ஜெர்மன் ஷெப்பர்டுங்கிற இனம் அப்படித்தான் தொடங்குது.

அப்புறம் ஏன் நம்ம ஊர்ல அல்சேஷன்? முதல் உலகப் போர் முடிஞ்ச நேரம். பிரிட்டன்ல ஜெர்மன்னு சொன்னாலே வெறுப்பு. அதனால 1919ல அங்கே இந்த நாய்க்கு எல்லைப்புற மாகாணமான அல்சேஸோட பேரை வச்சாங்க. 1977லதான் பழைய பேர் திரும்ப வந்துச்சு. நம்ம ஊர்ல மட்டும் வெள்ளைக்காரன் வச்ச பேர் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

இந்தக் கதையில முக்கியமான விஷயம் வேற. ஒரு இனத்தை உருவாக்கணும்னா, பிடிச்ச குணம் உள்ள சில நாய்களையே திரும்பத் திரும்ப சேர்க்கணும். ஹோரண்ட் விஷயத்துலயும் அதுதான் நடந்துச்சு. மகனை, பேரனை, உறவுக்குள்ளேயே சேர்த்தாங்க. நிமிர்ந்த காது, புத்தி, விசுவாசம் எல்லாம் நிலைச்சுது. கண்ணுக்குத் தெரியாம வேற சிலதும் கூடவே வந்துச்சு.

1961ல ஓட்டோ உபர்ரைட்டர்னு ஒரு ஆஸ்திரிய கால்நடை மருத்துவர் இந்தக் கண் நோயைத் தனி நோயா விவரிச்சு எழுதினாரு. இன்னைக்கும் அவர் பேரையே சில டாக்டர்கள் நோய்க்குச் சொல்லுவாங்க. பொதுவா சொல்ற பேர் பன்னஸ். உடம்போட எதிர்ப்புச் சக்தி தன் கருவிழியையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. கிருமி கிடையாது, பக்கத்து நாய்க்குத் தொத்தாது. பெரிய வலியும் இருக்காது. அதனாலதான் கவனிக்காம விட்டுடுறோம். ஆனா பார்வையை மெல்ல மூடிடும்.

2011ல பின்லாந்து ஆய்வாளர்கள் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்துற மரபணுத் தொகுப்புல ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தா, இந்த இனத்துல ஆபத்து கூடுதுன்னு காட்டினாங்க. இன்னொரு பக்கம் வெயில். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில நடந்த ஆய்வுல, உயரமான இடத்துல வாழற நாய்களுக்கு இது அதிகமா வந்துச்சு. உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிரும் கூடும். விதை பரம்பரையில வருது, அதுக்குத் தண்ணி ஊத்துறது வெயில். டைகர் பகல் முழுக்கக் கிடந்தது அந்த மொட்டை வாசல்ல.

ஒரு காகிதம், ஒரு சொட்டுச் சாயம்

சென்னைக்குக் கூட்டிட்டு வந்தோம். கண் பார்க்குற ஒரு டாக்டர். அவங்க முதல்ல கேட்டது, "ஏற்கனவே ஏதாவது மருந்து விட்டீங்களா?" பெரியப்பா சட்டைப் பையில இருந்து ஒரு பாட்டிலை எடுத்தாரு. மருந்துக் கடையில கேட்டு வாங்கினது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து. டாக்டர் முகம் மாறிடுச்சு.

ஏன்னு சொல்றேன். முதல்ல ஒரு சின்ன காகிதத் துண்டைக் கண் இமைக்குள்ள ஒரு நிமிஷம் வச்சாங்க. கண்ணீர் அதுல எவ்வளவு தூரம் ஊறுதுன்னு அளக்குறது. ஓட்டோ ஷிர்மர்னு ஒரு ஜெர்மன் கண் மருத்துவர் 1903ல சொன்ன முறை. அதே 1903லதான் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி சைதாப்பேட்டையில ஆரம்பிச்சுது, அப்புறம் வேப்பேரிக்குப் போச்சு. நாய்க்கு 15 மில்லிமீட்டர் ஊறினா நல்லது. டைகருக்கு ஊறுச்சு. அப்போ இது கண் வறட்சி இல்ல.

அடுத்தது ஒரு ஆரஞ்சுச் சாயம். ஃப்ளூரசின். 1871ல அடால்ஃப் வான் பேயர் கண்டுபிடிச்சது. செயற்கை நீலச் சாயத்தை உருவாக்கின அதே வேதியியலாளர். இதைக் கண்ணுல விட்டு நீல விளக்குல பார்த்தா, புண் இருக்குற இடம் மட்டும் பச்சையா ஒளிரும்.

டாக்டர் இதை விளக்க ஆரம்பிச்சதும் பெரியப்பா குறுக்கே பேசினாரு: "பட்டு மாதிரிங்களா மேடம்? மேல பசை இருந்தா நூல் சாயம் சரியா ஏத்துக்காது. கொதிக்க வச்சுப் பசை போன பிறகுதான் பிடிக்கும்."

டாக்டர் சிரிச்சுட்டாங்க. சரியா அதேதான். கருவிழியோட மேல்தோல் முழுசா இருந்தா சாயம் பிடிக்காது. உரிஞ்ச இடத்துல பிடிக்கும். புண் இருக்குற கண்ணுல ஸ்டீராய்டு விட்டா புண் ஆறாது, கருவிழியே ஓட்டை விழலாம். டைகருக்குப் புண் இல்ல. அது அதிர்ஷ்டம்தான். தயவுசெஞ்சு டாக்டர் பார்க்காம நாய்க் கண்ணுல எதையும் விடாதீங்க.

நார்வே மண்ணுல இருந்து

ஸ்டீராய்டு கெட்டது இல்ல. 1948ல கார்ட்டிசோனை முதல் மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தாங்க, 1950ல அதுக்கு நோபல் பரிசு. பன்னஸுக்கும் டாக்டர் சொல்ற அளவுல கொடுப்பாங்க. ஆனா வாழ்நாள் முழுக்கக் கட்டுக்குள்ள வைக்க இன்னொரு மருந்தும் வேணும்.

அது வந்த வழிதான் விசித்திரம். 1969ல சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனி ஊழியர் ஒருத்தர் விடுமுறைக்கு நார்வே போனாரு. அங்கே ஒரு பீடபூமியில இருந்து கொஞ்சம் மண் எடுத்துட்டு வந்தாரு. அந்த மண்ணுல இருந்த பூஞ்சையில இருந்து வந்தது சைக்ளோஸ்போரின். எதிர்ப்புச் சக்தியை அடக்குற மருந்து. 1983ல அமெரிக்காவுல உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைச்சுது.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல ரெனே காஸ்வான்னு ஒரு கால்நடைக் கண் மருத்துவர். அவங்க அந்த மருந்தைக் கண் வறண்ட நாய்களுக்கு விட்டுப் பார்த்தாங்க. வீக்கம் குறைஞ்சது மட்டும் இல்ல, கண்ணீரே திரும்ப வந்துச்சு. 1995ல அது நாய்களுக்கான கண் களிம்பா வந்துச்சு, பன்னஸுக்கும் சேர்த்து. 2002 டிசம்பர்ல அதே மருந்து மனுஷங்களோட கண் வறட்சிக்கு அனுமதி வாங்குச்சு. பெரும்பாலும் மனுஷனுக்கு வந்த மருந்துதான் பிறகு நாய்க்கு வரும். இங்கே நாய்க் கண் வழியா மனுஷக் கண்ணுக்கு வந்துச்சு.

குட்டி வேணுமா?

டாக்டர் கடைசியா சொன்னதுதான் பெரியப்பாவுக்குக் கஷ்டமா இருந்துச்சு. "இது முழுசா குணமாகாது சார். கட்டுக்குள்ள இருக்கும். மருந்தை நிறுத்தினா திரும்ப வரும். இன்னொண்ணு, இவனை இனப்பெருக்கத்துக்கு விடாதீங்க."

தெருவுல மூணு பேரு டைகர் குட்டிக்குச் சொல்லி வச்சிருந்தாங்க. ஒருத்தர் பெரியப்பாவுக்கு நூல் கொடுக்கிறவரு. அவர்கிட்ட முடியாதுன்னு சொல்றது லேசான விஷயம் இல்ல. ஊருக்குத் திரும்புற வழி முழுக்கப் பெரியப்பா பேசவே இல்ல. மறுநாள் அவரே போய்ச் சொல்லிட்டு வந்தாரு: "நம்ம டைகருக்கு ரத்தத்துல ஒரு குறை இருக்குது. தெரிஞ்சே குடுக்க மனசு வரல." அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இன்னும் முழுசா சரியாகல.

ஸ்டெபானிட்ஸ் காலத்துல இருந்து எந்த நாய் அப்பா ஆகணும்னு முடிவு பண்றது மனுஷன்தான். நோயை இவ்வளவு தூரம் கொண்டு வந்ததும் அந்த முடிவுதான். ஆரணியில ஒரு தெருவுல அது ஒரு வரிசையை நிறுத்துச்சு.

இப்போ டைகருக்குப் பகல்ல இடம் தறி வீட்டுக்குள்ள. பள்ளத்துக்குப் பக்கத்துல, நிழல்ல. காலையும் மாலையும் பெரியம்மாதான் மருந்து விடுறாங்க. சிவப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு, பழுப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கு. போன மாசம் போனப்போ, நான் வாசப்படி ஏறும்போதே எழுந்து வந்தான். குரைக்கல.

உங்க வீட்டு நாயோட கண்ணை இன்னைக்கு ஒரு தடவை வெளிச்சத்துல பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.