மூன்று நிலைகளும் ஒரு மனமும்

எமது கிழக்கு மண்ணில் துப்பாக்கி என்ற சொல் எவருக்கும் விளையாட்டை நினைவூட்டுவதில்லை. 2009 மே மாதம் முடிவுக்கு வந்த போர், தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் அச்சொல்லோடு இழப்பையும் அச்சத்தையுமே பிணைத்து வைத்துச் சென்றது. ஆயினும், சர்வதேச விளையாட்டரங்கில் அதே கருவி மனிதன் தன்னைத் தானே அடக்கியாளும் ஆற்றலை அளக்கும் அளவுகோலாக விளங்குகிறது. ஆண்களுக்கான 50 மீற்றர் மூன்று நிலை ரைபிள் போட்டி அதற்குத் தக்க சான்றாகும். இப்போட்டியைப் பற்றிச் சம்மாந்துறையிலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் வாழும் எமது இளைஞர்கள் அறிந்திருப்பது பயனுடையதென நாம் கருதுகிறோம்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அறிமுகமான இப்போட்டியில் போட்டியாளர் முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் சுட வேண்டும். துப்பாக்கியின் குழல் விட்டம் 5.6 மில்லிமீற்றர், அதன் எடை 8 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. 50 மீற்றருக்கு அப்பாலுள்ள இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர் மாத்திரமே. சட்டைப் பொத்தான் ஒன்றின் அளவே அது.

மூன்று நிலைகளும் மூன்று வெவ்வேறு சோதனைகள். படுத்த நிலையில் உடல் முழுவதும் நிலத்தில் தங்கியிருப்பதால் அசைவு குறைவு. எனவே அங்கு சிறு தவறும் பெரிய பின்னடைவாகிவிடும். முழந்தாளிட்ட நிலையில் ஒரு குதிகாலின் மேல் உடற்பாரம் இறங்குகிறது. இதயத் துடிப்பே துப்பாக்கி முனையை அசைக்கக் கூடும். இவ்விரு நிலைகளிலும் கையைத் தாங்கும் தோல் வாரைப் பயன்படுத்தலாம். நின்ற நிலையிலோ அந்த உதவியும் இல்லை. திறந்தவெளி அரங்குகளில் காற்று திசை மாறும்போது குண்டும் விலகும் என்பதால், போட்டியாளர் சிறு கொடிகளின் அசைவைக் கவனித்து, மூச்சை வெளியேற்றிச் சில கணங்கள் நிறுத்தி, அந்த இடைவெளியிலேயே விசையை அழுத்துகிறார்.

முன்னர் ஆண்கள் தகுதிச் சுற்றில் நிலைக்கு 40 வீதம் 120 முறை சுட்டனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது நிலைக்கு 20 வீதம் 60 ஆக இருந்தது. முழுப் புள்ளி 600. முதல் எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்குச் சென்றனர். அங்கு முன்னைய புள்ளிகள் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் 10.9 வரை தசமப் புள்ளிகள் வழங்கப்பட்டன. நின்ற நிலையின் பிற்பகுதியில் பின்தங்கியோர் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டனர்.

அந்த இறுதிச் சுற்று 2024 ஆகஸ்ட் 1 ஆம் திகதி பிரான்சின் ஷாதோரூ நகரில் நடைபெற்றது. சீனாவின் லியு யுகுன் 463.6 புள்ளிகளுடன் தங்கத்தையும், உக்ரேனின் செர்ஹி குலிஷ் 461.3 புள்ளிகளுடன் வெள்ளியையும், இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலத்தையும் வென்றனர். இப்போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவாகும்.

குசாலே பெருநகரத்துச் செல்வந்தர் அல்லர். மகாராஷ்டிர மாநிலத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் கம்பல்வாடி என்ற கிராமத்தைச் சேர்ந்த ஆசிரியரின் மகன். ரயில்வே பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர். 2012 இல் சர்வதேசப் போட்டிகளில் கால்பதித்த அவர் ஒலிம்பிக்கில் நுழைய 12 ஆண்டுகள் காத்திருந்தார். தகுதிச் சுற்றில் 590 புள்ளிகளுடன் ஏழாம் இடமே அவருக்குக் கிடைத்தது. இறுதிச் சுற்றில் முழந்தாளிட்ட நிலை முடிவில் ஆறாவதாகவும், படுத்த நிலை முடிவில் ஐந்தாவதாகவும் இருந்தவர், நின்ற நிலையில் மூன்றாம் இடத்துக்கு உயர்ந்தார்.

இதே போட்டி இதற்கு நேர்மாறான பாடத்தையும் கற்பித்திருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மத்தியூ எமன்ஸ் கடைசிச் சூட்டுக்கு முன்னர் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். அவர் சுட்ட குண்டு இலக்கைத் துளைத்தது. ஆனால் அது பக்கத்துப் போட்டியாளரின் இலக்கு. அந்தச் சூட்டுக்குப் பூச்சியம் வழங்கப்பட, அவர் எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். தங்கம் சீனாவின் ஜியா ஷான்போவுக்குச் சென்றது. 2008 பீஜிங்கிலும் முன்னிலையில் இருந்த எமன்ஸ் கடைசிச் சூட்டில் 4.4 புள்ளிகளே பெற்று நான்காமிடத்துக்கு இறங்கினார். எனினும் அவர் விளையாட்டைக் கைவிடவில்லை. 2012 லண்டனில் இதே போட்டியில் வெண்கலம் வென்றார். கடைசிச் சூடு வரை கவனம் சிதறாதிருப்பதும், சிதறிவிட்டால் மீண்டும் எழுவதுமே இவ்விளையாட்டின் உட்பொருள் எனலாம்.

இவை எமக்கு எட்டாத உலகத்துச் செய்திகள் என எண்ண வேண்டியதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மங்கள சமரகோன் துப்பாக்கி சுடுதலில் இலங்கையைப் பிரதிநிதித்துவப்படுத்தினார். 2002 மன்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் பங்களாதேஷின் ஆசிப் ஹுசைன் கான் பதின்ம வயதிலேயே 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். மூன்று நிலைப் போட்டிக்குச் செல்வோர் பலருக்கும் இந்தக் காற்றுத் துப்பாக்கியே முதற்படி. அதற்குப் பாடசாலை மண்டபமொன்றின் நீளமே போதுமானது. அம்பு எய்யும் பயிற்சியை ஊக்குவித்த இஸ்லாமிய மரபில் குறிபார்க்கும் கலை அந்நியமானதன்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

பெற்றோரின் தயக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பிள்ளையின் கையில் துப்பாக்கியைக் காண எந்தத் தாயும் விரும்பமாட்டாள். ஆனால் இவ்விளையாட்டில் முதலில் கற்பிக்கப்படுவது சுடுவதன்று, சுடாதிருப்பதே. அதிகாரியின் கட்டளையின்றி எவரும் குண்டு நிரப்ப முடியாது. சுடாத வேளையில் துப்பாக்கி வெறுமையாக இருப்பதைக் காட்டும் அடையாளம் அதில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். முனை எப்போதும் இலக்கின் திசையிலேயே இருக்க வேண்டும். சட்டப்படியான அனுமதி, பயிற்றப்பட்ட ஆசிரியர், பூட்டிய களஞ்சியம் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இதனைத் தொடங்கவே கூடாது என்பதே எமது நிலைப்பாடும்.

இம்மூன்றையும் உறுதிப்படுத்தி, அம்பாறைக் கரையோரத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒன்றாகப் பயிலக்கூடிய காற்றுத் துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் ஒன்றையேனும் அமைப்பது குறித்து விளையாட்டுத்துறை அதிகாரிகளும் கல்வி வலயங்களும் சிந்திக்க வேண்டும். ஒருவரையொருவர் நோக்கி நீட்டப்பட்ட கருவியை, அடுத்த தலைமுறை தோளோடு தோள் நின்று ஒரு காகித வட்டத்தை நோக்கி நீட்டுமாயின், அதுவே இம்மண் பெறும் முதற் பதக்கமாக அமையும்.