மழை அளந்த தூரம்

"மழ வந்தா படம் போயிரும்." மலேசியாவில் கூரைமேல் தட்டு வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. 1996 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து மியாசாட்-1 ஏவப்பட்டது. அதே ஆண்டு வீடுகளுக்கு நேரடிச் செயற்கைக்கோள் ஒளிபரப்பும் தொடங்கியது. அதில் வந்த தமிழ் அலைவரிசைக்கு வானவில் என்று பேர். மழை விட்டபின் தோன்றுவது! பெயர்ப் பொருத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அலையை மழைத்துளி மறிப்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1908இல் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்தாவ் மீ, நீரில் மிதக்கும் பொன் துகள்கள் ஒளியை எப்படிச் சிதறடிக்கின்றன என்று கணக்கிட்டார். இரண்டாம் உலகப்போரில் ரேடார் அலைகள் 10 சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டருக்குக் குறுகின. அப்போது பிரிட்டனில் ரைட் என்பவர் மீயின் கணக்கை மழைத்துளிக்குப் பொருத்தினார். 1946இல் அது அச்சில் வந்தது. அலை குறுகித் துளியின் அளவை நெருங்க நெருங்க, துளி அதை உறிஞ்சும், சிதறடிக்கும்.

ஆனால் எந்த ஊர் மழை? அதுதான் என் கேள்வி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மழை மண்டலங்களாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டது. ஆண்டில் 0.01 விழுக்காடு, அதாவது சுமார் 53 நிமிடம் மட்டுமே மிஞ்சக்கூடிய மழைவேகம்தான் அதன் அளவுகோல். மேற்கு ஐரோப்பாவின் பல இடங்கள் அடங்கும் மண்டலத்தில் அது மணிக்கு 22 மில்லிமீட்டர். மலேசியா இருக்கும் மண்டலத்தில் 145.

இரண்டு டவர்களை 38 கிகாஹெர்ட்ஸில் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். 22 மில்லிமீட்டர் மழையில் ஒரு கிலோமீட்டர் கடந்தால் அலையில் ஏறக்குறைய கால்பங்கு மிஞ்சும். 145இல் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கே ஐந்து கிலோமீட்டர் தாண்டும் கருவி இங்கே ஒன்றுக்கே திணறும். தாழ்ந்த அலைவரிசைக்கு இறங்கினால் மழை அவ்வளவாகத் தொடாது. ஆனால் அங்கே இடம் குறைவு, தகவலும் குறைவாகத்தான் போகும். இல்லையென்றால் டவர்களை நெருக்கி நடவேண்டும். பட்டணத்துக்கு அது கட்டுப்படியாகும். நாலு லயம் மட்டுமே உள்ள தோட்டத்துக்கு யார் நடுவார்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2006இல் இஸ்ரேலில் ஹகித் மெஸ்ஸரும் அவர் குழுவினரும் கைப்பேசி டவர்களுக்கிடையே அலை எவ்வளவு தளர்ந்தது என்ற பதிவுகளை எடுத்து, அதிலிருந்தே மழையின் அளவைக் கண்டுபிடித்தார்கள். அலை தொலைத்த பங்குதான் பெய்த மழையின் கணக்கு. இடி இடிக்கும் மாலையில் நம் டவர்களும் அதே கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன. மழைமானி இல்லாத தோட்டத்துக்கு, வெள்ளம் வருமுன் அதைப் படித்துச் சொல்ல ஆள் வேணும்.