லாமாவாக மாறிய பிளம்பர் மகன்

1956இல் லண்டனில் வெளியான ‘மூன்றாவது கண்’ சக்கைப்போடு போட்டது. எழுதியவர் லோப்சாங் ராம்பா என்ற திபெத்திய லாமா. சிறுவயதில் தன் நெற்றியில் துளையிட்டு ஞானக்கண்ணைத் திறந்தார்கள் என்று எழுதியிருந்தார். திபெத்தை நேரில் அறிந்தவர்களுக்கு இது உறுத்தியது. துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தினார்கள். 1958இல் குட்டு வெளிப்பட்டது. லாமாவின் நிஜப்பெயர் சிரில் ஹாஸ்கின். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு பிளம்பரின் மகன். திபெத் பக்கமே போனதில்லை.

மனுஷன் அசரவில்லையே! மரத்திலிருந்து விழுந்தேன், அதன்பிறகு லாமாவின் ஆன்மா என் உடம்பில் குடியேறியது என்றார். நம்மூர்க் கணக்கில் கூடுவிட்டுக் கூடு பாய்தல். 1981இல் சாகும்வரை ராம்பாவாகவே இருந்தார். புத்தகங்களும் வந்துகொண்டே இருந்தன.

வேடிக்கை என்னவென்றால், திபெத்தியவியல் அறிஞர்கள் சிலரை அந்தத் துறைக்கு முதலில் இழுத்ததே இந்தப் புத்தகம்தான். ஆய்வாளர் டொனால்ட் லோபஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அப்போ, படிக்கலாமா? புனைபெயர் ஒரு குற்றமில்லை. ஆனால் ஞான நூலில் நாம் நம்பிப் பிடிப்பது ‘நான் கண்டேன்’ என்ற ஒரு சொல்லைத்தான். ராம்பா புனைந்தது அதை. நாவலா நினைச்சு தாராளமா படிங்க, விறுவிறுன்னு போகும். அதை நம்பி தியானத்துல மட்டும் உட்கார்ந்துடாதீங்க.