மூன்று நோய்ப்பெயர்களும் ஒரு கையேடும்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-ஆம் ஆண்டில் தன் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. குழந்தைப்பருவ ஆட்டிசம், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல், இருமுனைப் பிறழ்வு ஆகிய மூன்றும் இப்பெயர்களோடு அக்கையேட்டில் இடம்பெற்றது அப்பதிப்பில்தான். உறக்கக் குலைவு, திடீர்ச் சினம், பிறரிடமிருந்து விலகல் ஆகியவை இம்மூன்றிலும் தோன்றக்கூடியன. எனவே ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் மயக்கம் எளிதில் நேர்கிறது. இம்மயக்கத்திற்கு நோயின் இயல்பு மட்டுமன்றிப் பகுப்பின் வரலாறும் காரணமாகும் என்பது நம் கருத்து.

ஆட்டிசம் என்னும் சொல்லை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்கியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஒய்கன் புளூலர். அவர் அதனை மனச்சிதைவின் ஓர் அறிகுறிக்கே பெயராக வைத்தார். 1943-இல் பால்டிமோரில் பணியாற்றிய லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே அச்சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தது. முட்டை அடிக்கும் கருவியின் ஓசைக்கும் தூசு உறிஞ்சும் பொறிக்கும் அஞ்சிய குழந்தைகளை அவர் அதிற் குறிப்பிடுகிறார். அவ்வச்சத்தை மட்டும் தனியே காண்பவர் அதனைப் பேரதிர்ச்சியின் விளைவெனக் கொள்ளவும் கூடும். இத்தகைய விலகல் வாழ்வின் தொடக்கத்திலிருந்தே உள்ளது என்பதுதான் கன்னர் வற்புறுத்திய வேறுபாடு. ஆயினும் 1968-இல் வந்த இரண்டாம் பதிப்பு இவர்களைக் குழந்தைப்பருவ மனச்சிதைவு என்ற தலைப்பின்கீழ்தான் அடக்கியது. தமிழிலும் சொற்குழப்பம் இல்லாமலில்லை. 'மன இறுக்கம்' என்னும் தொடர் ஆட்டிசத்தையும் அன்றாட மனவழுத்தத்தையும் ஒருசேரக் குறித்து வழங்குகிறது. 'மதியிறுக்கம்' என்பது அதனினும் தெளிவானது.

இருமுனைப் பிறழ்வின் வரலாறு இன்னும் பழையது. 1854-இல் பாரிசில் பல்ரேவும் பையார்ஜேயும் எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நிலையை விவரித்தனர். எமில் கிரேப்பெலின் 1899-இல் மனநோய்களை அவற்றின் காலப்போக்கை வைத்துப் பிரித்தார். வந்துபோகும் நோய் ஒருபுறம், படிப்படியாகச் சிதைக்கும் நோய் மறுபுறம். தம் பகுப்பு ஐரோப்பாவுக்கு வெளியே பொருந்துமா என அறிய 1904-இல் அவர் சாவகத்தின் பெய்தன்சார்க் (இன்றைய போகோர்) மனநல மருத்துவமனைக்கு வந்தார் என்பது நம் வட்டாரத்தார் அறியத்தக்க செய்தி. அமோக், லாத்தா ஆகியவற்றைத் தனி நோய்களாக அவர் ஏற்கவில்லை. ஐரோப்பாவில் அறிந்த நோய்களின் வேற்றுருக்களாகவே கொண்டார்.

மூன்றாவது பெயர் போர்க்களத்தில் பிறந்தது. சார்லஸ் மையர்ஸ் 1915-இல் குண்டதிர்ச்சி பற்றி எழுதினார். 1952-இல் வந்த முதற்பதிப்பில் கடும் உளைச்சல் எதிர்வினை என்றொரு வகை இருந்தது. 1968-இல் அது நீக்கப்பட்டது. அப்போது வியட்நாமில் போர் உச்சத்தில் இருந்தது! திரும்பிவந்த வீரர்களின் துன்பத்திற்குக் கையேட்டில் பெயரில்லை. பெயரில்லாத நோய்க்கு இழப்பீடு கோருவது அரிது. நியூயார்க்கில் வீரர்கள் கூடிப் பேசிய குழுக்களும், அவர்களோடு நின்ற சாத்தான், லிப்டன் ஆகிய மருத்துவர்களும் நடத்திய போராட்டமே 1980-இல் அப்பெயரை ஈட்டித் தந்தது.

அப்பதிப்பைத் தொகுத்த குழுவின் தலைவர் இராபர்ட் இசுபிட்சர், காரணம் பற்றிய கோட்பாடுகளை விலக்கி, கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளைக் கொண்டே நோய்களை வரையறுத்தார். பேரதிர்ச்சி வகை இதற்கு ஒரு விலக்கு. அதற்கு ஒரு நிகழ்வு சான்றாக வேண்டும். ஆட்டிசத்திற்கு 30 மாதங்களுக்குள் தோன்றுதல் என்ற வயதெல்லையும், இருமுனைப் பிறழ்வுக்கு எழுச்சிக்காலமும் அளவுகோலாயின. ஆகவே அறிகுறிகள் ஒத்திருந்தாலும் காலம் அவற்றைப் பிரித்துக்காட்டும் என நம்பப்பட்டது.

ஆட்டிசம் உடைய குழந்தை துன்புறுத்தலுக்கும் ஆளாகும்போது இந்நம்பிக்கை தளர்கிறது. பழைய இயல்பும் புதிய காயமும் அங்கே ஒருங்கே நிற்கின்றன. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ஆறு வயதும் அதற்குக் குறைவும் உடைய குழந்தைகளின் பேரதிர்ச்சிக்குத் தனி அளவுகோல் வகுத்து, பேச்சைவிட நடத்தைக்கு முதன்மை தந்தது. பேசாத பத்து வயதுக் குழந்தைக்கு அவ்வளவுகோல் இல்லை. அதற்கு நேர்ந்ததை அறிய, முன்பு அது எப்படி இருந்தது என அறிந்த பெற்றோரும் வகுப்பாசிரியரும் கூறும் சான்றையே மருத்துவர் பெரிதும் நாட வேண்டியுள்ளது.