தெரு இல்லாத கிழட்டு நாய்கள்

நாய்களின் வரலாற்றில் 1860 ஒரு விசித்திரமான வருடம். அந்த வருடத்தில்தான் மதராஸ் நகரில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை தொடங்கியது. அதே வருடம் லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி, தொலைந்துபோன நாய்களுக்கும் பட்டினி கிடக்கும் நாய்களுக்கும் ஒரு தற்காலிக இல்லம் ஆரம்பித்தார். நாய்க்கு வீடா என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஆனாலும் இல்லம் நிலைத்துவிட்டது. 1871-ல் பாட்டர்சி என்ற பகுதிக்கு மாறி, இன்றும் அங்கேயே இருக்கிறது. (அங்கேயும் வெறிநாய் பயத்தில் கொல்லப்பட்ட நாய்கள் ஏராளம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஆண்ட நாடு ஒன்று, ஆண்டு ஒன்று, நாய்களின் கதி மட்டும் இரண்டு!

மதராஸில் இந்தக் கொலை நூறு வருடங்களையும் தாண்டி நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் செத்த நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியது என்றால், அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் பர்ஸும் டையும் செய்து பார்த்தது. 1995 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. மின்சாரம் பாய்ச்சித்தான். இவ்வளவு கொன்றும் தெருவில் நாய் குறைந்ததா? இல்லை.

இதைக் கேள்வி கேட்டவர்கள் ப்ளூ கிராஸ் அமைப்பினர். 1959-ல் விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் (அவரும் விமானிதான்) தொடங்கிய அமைப்பு இது. மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் வீட்டுக்குத் தூக்கி வந்ததுதான் ஆரம்பம். அதாவது காப்பகம் முதலில் ஒரு வீடாகத்தான் இருந்தது. அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா, நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு விட்டால் போதும் என்று 1960-களிலிருந்தே வாதாடி வந்தார். மாநகராட்சி அதை முழுமையாக ஏற்றுக்கொண்டது 1996-ல். முப்பது வருடத்துக்கும் மேல்! பிறகு 2001-ல் அதுவே நாடு முழுவதற்குமான விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன.

இந்த விதிகளின் உயிர்நாடி ஒரே ஒரு வரிதான்: பிடித்த நாயை, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். காரணம் இருக்கிறது. ஒரு தெருவின் நாய்களை அப்புறப்படுத்தினால் அங்குள்ள எச்சில் சோற்றுக்கு வேறு நாய்கள் வந்துவிடும். தடுப்பூசி போட்ட பழைய நாய் அங்கேயே இருந்தால் புது நாயை உள்ளே விடாது. ஆக, யாருக்கும் சொந்தமில்லாத நாய்க்குச் சட்டம் ஒரு தெருவைச் சொந்தமாகக் கொடுத்தது.

ஆனால் வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெரு ஏது?

பத்துப் பன்னிரண்டு வருடம் வீட்டில் வளர்ந்திருக்கும். கண்ணில் புரை விழும், மூட்டு வலிக்கும், ராத்திரியில் கூடத்திலேயே சிறுநீர் போய்விடும். வீட்டுக்காரர் அடுக்குமாடிக்குக் குடி போவார், அல்லது மகனோடு வெளிநாடு போவார். நாயைக் காரில் ஏற்றி ஏதோ ஓர் ஊரில் இறக்கி விட்டுவிடுவார்கள். அந்தத் தெரு நாய்கள் அதைச் சேர்த்துக்கொள்ளாது. குப்பையில் தேடித் தின்னவும் அதற்குத் தெரியாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி இப்படிப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம். முதல் முறை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை!

மீட்டு வந்தாலும் காப்பகத்தில் அதற்குக் கஷ்டம்தான். சுற்றிலும் குரைப்புச் சத்தம், சிமெண்ட் தரை. வருகிறவர்கள் எல்லாம் குட்டியைத்தான் கேட்கிறார்கள். மூலையில் படுத்திருக்கும் கிழட்டு நாயின் குணம் யாருக்கும் தெரியாமலே போகிறது. இதற்குத்தான் தற்காலிக வளர்ப்பு வீடு. நிரந்தர வீடு கிடைக்கும்வரை ஒரு குடும்பம் நாயைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். படியேறுமா, பூனையோடு ஒத்துப்போகுமா, தனியாக விட்டால் அழுமா, மாத்திரையைச் சோற்றில் வைத்தால் துப்புமா என்பதெல்லாம் சில வாரங்களில் தெரிந்துவிடும். அடுத்து எடுத்துப் போகிறவரிடம் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொடுத்த நாய் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

நாட்டுக்காக உழைத்த நாய்களுக்கே இந்த வீடு சுலபமாகக் கிடைக்கவில்லை. அமெரிக்க ராணுவத்தில் ராபி என்று ஒரு நாய். 11 வயது, மூட்டுவாதம். அதைக் கையாண்ட வீரர் தத்து கேட்டார், சட்டத்தில் இடமில்லை. விஷயம் நாடாளுமன்றம் வரை போய், ஓய்வு பெற்ற நாய்களைத் தத்துக் கொடுக்க 2000 நவம்பரில் சட்டமே வந்தது. ராபியின் பெயரால் வந்த சட்டம். ஆனால் ராபிக்கு வீடு கிடைக்கவில்லை. உடல் மிகவும் மோசமானதால் 2001 ஜனவரியில் கருணைக்கொலை செய்துவிட்டார்கள். இந்திய ராணுவத்திலும் உழைக்க முடியாத நாய்களைக் கொல்லும் வழக்கம் இருந்தது 2015-ல்தான் வெளியே தெரிந்தது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. இன்று அவற்றைத் தத்துக் கொடுக்கிறார்கள்.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இன்னோர் உத்தரவு போட்டது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது, காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தைகளை நாய் கடிக்கிறது என்ற பயம் பொய்யில்லை. ஆனால் வீட்டு நாயை இறக்கிவிட வருகிறவர்கள் தேர்ந்தெடுப்பதும் இந்த இடங்களைத்தானே? அரியலூர் பேருந்து நிலையத்தில் லாரிகளுக்கும் சிமெண்ட் தூசிக்கும் நடுவே ஒரு கிழட்டு நாயை விட்டுப் போனால், இனி அது அங்கேயும் இருக்க முடியாது. காப்பகக் கூண்டு, இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. கேப்டன் சுந்தரம் வீட்டில் இடம் கிடைத்தது இரண்டாவது வழியில்தான்.