தஞ்சையில் விழுந்த கருவி

பொந்தியான் மாவட்டத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி என்னும் சிறப்புடையது. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இம்முனையையும் இதனைச் சூழ்ந்த கம்பங்களையும் அன்னாசித் தோட்டங்களையும் படத்தில் அமைத்த நில அளவையாளர்கள், பூமியின் உருவத்தை ஏதேனும் ஒரு கணக்கின்படி ஏற்றுக்கொண்டே பணியாற்ற வேண்டியிருந்தது. அவர்கள் கைக்கொண்டது, 1830ஆம் ஆண்டில் ஜார்ஜ் எவரெஸ்ட் வகுத்த கணக்கினைச் சற்றே மாற்றியமைத்த ஒன்றாகும். அதன் வேர் தமிழகத்து மண்ணில் இருக்கிறது. பரங்கிமலையில் அளக்கப்பட்ட ஒரு கோடும், தஞ்சையில் விழுந்து சிதைந்த ஒரு கருவியும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன.

பழைய கருவியைச் செப்பனிடுவது ஒரு வேலை; அதன் அளவைத் திருத்துவது மற்றொரு வேலை. ஐம்பது ஆண்டுப் பழமையுடைய அலைகாட்டி ஒன்றில் பழுதுற்ற மின்தேக்கிகளை மாற்றினால் திரையில் ஒளிக்கோடு மீண்டும் தோன்றிவிடலாம். ஆயின், அது ஐந்து வோல்ட் எனக் காட்டுவது ஐந்து வோல்ட்தானா என்பதை, ஐயமற நிறுவப்பட்ட வேறொரு மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டாலன்றி அறிதல் இயலாது. மின்கருவிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வேறுபாடு தென்னாட்டில் உணரப்பட்டது.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றினை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளந்தது நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும், குளிரில் குறுகும். எனவே, சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் காத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார். சித்திரை வெயிலில் ஏழரை மைலுக்கு இவ்வாறு செய்வதற்கு எத்தகைய பொறுமை வேண்டும் என்பதைச் சென்னையின் கோடையை அறிந்தோர் உணர்வர்.

கோடு கிடைத்தபின், கோணங்களை அளக்க வேண்டும். அதற்கென இலண்டனில் கேரி என்பவர் செய்த பெரிய தியோடலைட், கடல்வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு, மொரீஷியசுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் அவர்களாலேயே பெருந்தன்மையுடன் திருப்பி அனுப்பப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ அரை டன். வட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம். மலைகள் உள்ள இடங்களில் அதனை மலையுச்சியில் நிறுத்தலாம். காவிரிப் படுகையிலோ தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. உயர்ந்து நின்றவை கோயில்களே. ஆகவே, 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அக்கருவியைக் கயிறு கட்டி ஏற்றினர். இழுத்துப் பிடித்திருந்த கயிறு ஒன்று அறுந்தது. கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்தது.

வேறு எவரும் அதனைக் கைவிட்டிருப்பர். லாம்ப்டன் கூடாரத்தினுள் புகுந்து, ஆறு வாரம் ஆப்புகளும் திருகாணிகளும் கப்பிகளும் கொண்டு, வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, பழைய வடிவுக்கு அண்மையில் கொண்டுவந்தார். 'அண்மையில்' என்னும் சொல்லிலேதான் இடர் இருக்கிறது. 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு பாகை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். பாகையில் 3600இல் ஒரு பங்காகிய ஒரு விகலையோ, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கே. அந்த ஒரு விகலைப் பிழை, 50 கிலோமீட்டர் தொலைவில் கால் மீட்டர் அளவுக்குக் குறியை விலக்கிவிடும். கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுவது கணக்குக்கு வட்டமாக இராது. வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் அதே கோணத்தைப் பலமுறை அளந்து சராசரி காண்பதும், முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டிப் பார்ப்பதும் பிழையைக் குறைக்கும், முற்றிலும் நீக்கா.

1823இல் லாம்ப்டன் மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட், கருவிகளைப் பொறுத்தவரை எவரையும் எளிதில் நம்பாதவர். இங்கிலாந்திலிருந்து ஹென்றி பாரோ என்னும் கருவிவினைஞர் வரவழைக்கப்பட்டு, 1830களில் அந்தப் பழைய தியோடலைட்டைப் புதுக்கி அமைத்தார். 1839இல் பாரோ விலகியபோது அவ்விடத்துப் பணியை ஏற்றவர் சையத் மீர் மொஹ்சின் உசேன். ஆர்க்காட்டில் பிறந்தவர்; சென்னையில் ஒரு நகைக் கடையில் கடிகாரங்களைப் பழுதுபார்த்துத் தொழில் பழகியவர். அவருடைய கைத்திறனைக் கண்ட வாலண்டைன் பிளாக்கர், நில அளவைத் துறைக்கு அவரை அழைத்துச் சென்றார். எவரெஸ்ட் வடபுலத்தில் வானியல் நோக்குக்குப் பயன்படுத்திய கருவிகளின் பெருவட்டங்கள் குறையுடையன என அறிந்தபோது, அவற்றில் பாகைக் கோடுகளைப் புதிதாகப் பிரித்துப் பொறிக்கும் பணியில் துணைநின்றவர் இந்த ஆர்க்காட்டுக்காரரே. அத்தகைய வேலை பெரும்பட்டறைகளுக்கு உரியது எனக் கருதப்பட்ட காலம் அது. 1847இல் வெளிவந்த தம் நூலில் எவரெஸ்ட் அவருடைய திறமையை வெளிப்படையாகப் பாராட்டியுள்ளார். மொஹ்சின் உசேன் 1864இல் காலமானார். மறு ஆண்டில் உலகின் மிக உயர்ந்த சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. ஆர்க்காட்டில் பிறந்தவரின் பெயரைப் பாடநூல்களில் தேடினும் காண்பது அரிது.

லாம்ப்டனின் ஆறு வார உழைப்பு கருவியை உயிர்ப்பித்தது. அதன் சொல்லுக்கு முழு நம்பிக்கையைப் பெற்றுத் தரவில்லை. அவர் தென்னாட்டில் வகுத்த முக்கோணங்கள் பிற்கால அளவுக்குப் போதிய நுட்பமுடையன அல்ல எனக் கருதப்பட்டு, 1860களிலும் 1870களிலும் மீண்டும் அளக்கப்பட்டன. கன்னியாகுமரிக்கு அருகே 1868–69இல் புதிய அடிக்கோடு அளக்கப்பட்டது அப்பணியின் பகுதியே. ஆனால் 1830ஆம் ஆண்டுக் கணக்கு அதற்குள் பல நாடுகளின் படங்களில் ஊன்றிவிட்டது. அக்கணக்கு கூறிய நிலநடுக்கோட்டு ஆரம், இன்று செயற்கைக்கோள்வழி அறியப்படும் ஆரத்தினும் ஏறத்தாழ 860 மீட்டர் குறைவு. தீபகற்ப மலேசியா அதன் திருத்திய வடிவைத்தான் நெடுங்காலம் கையாண்டது. 2003இல் செயற்கைக்கோள் அளவையைத் தழுவிய புதிய முறை நடைமுறைக்கு வந்தபோது, பொந்தியானின் பழைய படங்களில் இருந்த எண்கள் அனைத்தையும் மாற்றிக் கணக்கிட வேண்டியதாயிற்று.