எல்லார்க்கும் உரிய அன்பும் மலையகத் தோட்டங்களும்

கடவுள் மக்கள் அனைவரையும் வேறுபாடின்றி நேசிக்கிறார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நிலையான கொள்கையாகும். இனத்தாலும் அடிமை நிலையாலும் பாலாலும் வரும் பிரிவுகள் கிறிஸ்துவுக்குள் பொருளற்றுப் போகின்றன எனக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலே பவுல் வாதிடுகின்றார். அன்பையும் இறைவனையும் ஒன்றாகக் காணும் மரபு சைவத் தமிழருக்கும் புதிதன்று. திருமூலரைக் கற்றோர் அதனை அறிவர். ஆகவே கொள்கையைப் பற்றி ஈண்டு வழக்கில்லை. அக்கொள்கை எவர் செலவில், எவர் அனுமதியுடன் ஒரு மக்கட் கூட்டத்தை வந்தடைந்தது என்பதே வரலாற்று மாணவன் வினவத்தக்கது. அவ்வினாவை எழுப்புவதற்கு நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களைவிடப் பொருத்தமான களம் இலங்கையில் வேறில்லை என்பது என் துணிபு.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாகியபின் மலைச்சரிவுகளிற் கோப்பி பரவிற்று. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியிலே மாண்டோர் பலர். அவர்களுக்குக் கல்லறையுமில்லை, பெயரேடுமில்லை. எஞ்சியோரே மலையேறி லயங்களிற் குடியமர்ந்தனர்.

இம்மக்களுக்கெனவே 1854இல் ஒரு கிறிஸ்தவப் பணி தொடங்கப்பட்டது. சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் ஆதரவில் எழுந்த அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். அதனைத் தொடங்குவதில் முன்னின்றோர் கோப்பித் தோட்டத் துரைமாரே, பொருளுதவியும் அவர்களுடையதே. தமிழ் நன்கறிந்த உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். அங்கே நெடுங்காலம் ஊழியஞ் செய்த செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயரும் பின்னர் மலைநாட்டுக்கு வந்து இப்பணியை மேற்பார்வை செய்தார்.

இம்மிஷனின் பெயரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கடவுளின் அன்பு எல்லார்க்கும் உரியதென்று அறிவிக்க வந்த இயக்கம், தான் நேசிக்க வந்தவர்களை மனிதரென்றோ மக்களென்றோ அழைக்காமல், அவர்கள் பெறும் கூலியினால் அழைத்தது. அக்காலத்து ஆங்கில வழக்கு அது என்று சமாதானங் கூறலாம். ஆயினும் வழக்கே சான்றாகிறது. பிற்காலத்தில் அம்மிஷனே தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொண்டமை அதிலிருந்த இழுக்கை ஒப்புக்கொண்டமைக்கு ஒப்பாகும்.

பெயரினும் முக்கியமானது அமைப்பு. தோட்டம் துரையின் தனியுடைமை. அதற்குள் அவன் இசைவின்றி அந்நியர் கால்வைக்க இயலாது. உபதேசியாரின் சம்பளத்துக்கும் துரைமாரின் சந்தா வேண்டும். இந்நிலையில், காணாமற்போன ஆட்டைத் தேடி மேய்ப்பன் சென்ற கதையை அவர் லயத்து வாசலிலே சொல்லலாம். பெரட்டுக் களத்தில் விழுந்த அடியைப் பற்றிப் பேசுதல் எங்ஙனம்? தொழிலாளியைக் கங்காணியின் கடனோடு பிணைத்திருந்த துண்டு முறையை எங்ஙனம் கண்டிப்பது? கடன் கணக்கு எழுதிய துண்டின்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்லவியலாத அம்முறை 1921இலேதான் ஒழிந்தது. மிஷன் தோன்றி அறுபத்தேழு ஆண்டுகள் சென்றபின் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனைக் கொண்டு, மிஷனரிமார் யாவரும் ஏகாதிபத்தியத்தின் கைக்கருவிகளே என முடித்துவிடுவோர் நம்மிடையே உளர். அம்முடிபும் அவசர முடிபே. உபதேசியார் துரைமகன் அல்லர். தொழிலாளியின் மொழியையே பேசிய ஒரு தமிழர். அவர் பின்னணியும் கருதத்தக்கது. தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளே சாதி வேற்றுமை பாராட்டலாகாதெனக் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன் 1833இல் கட்டளையிட்டிருந்தார். அக்கட்டளை தஞ்சையிலே பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. வேதநாயக சாஸ்திரியாரே அதனை எதிர்த்தார். கட்டளை முற்றாக நிறைவேறிற்றென எவரும் கூறார். எனினும் அவ்விவாதத்தின் சூடு ஆறாத நாட்டிலிருந்தே உபதேசியார்கள் வந்தனர். சாதி பார்த்து லயம் பிரிக்கப்பட்டிருந்த தோட்டங்களில், கடைசி லயத்துப் பறையர் வீட்டுப் பிள்ளைக்கும் எழுத்தறிவிக்க ஒருவர் வந்து அமர்ந்தமை சிறு செயலன்று. தோட்டப் பிள்ளைகளின் கல்வியைச் சட்டம் வற்புறுத்தியது இருபதாம் நூற்றாண்டிலேதான். மிஷன் அதற்கு முன்னரே அரிச்சுவடியுடன் வந்துவிட்டது. மலையகத்தின் கவிஞரும், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவருமான சி. வி. வேலுப்பிள்ளை கிறிஸ்தவப் பாடசாலைகளிற் கற்றவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மதம் மாறியோர் தொகையோ சிறிதே. மாரியம்மனையும் காமன் கூத்தையும் விட்டு வந்தோர் சிலர். பெரும்பான்மையோர் தம் தெய்வங்களோடேயே இருந்தனர். இதை மிஷனின் தோல்வியாகவே பலர் எழுதுவர். எல்லாரையும் நேசிக்கும் கடவுளைப் பற்றிய கொள்கையை ஞானஸ்நானத் தொகையால் அளப்பது எனக்கு உடன்பாடன்று.

டிக்கோயாவிலே 1878இல் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயம் இன்றும் உள்ளது. கருங்கற் சுவர், சுற்றிலும் தேயிலை, கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். கோப்பி நோயால் அழிந்து, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிய காலத்தது அது. அதன் முற்றத்திலே துரைமாரின் கல்லறைகள் பெயரும் வயதும் பொறித்து நிற்கின்றன. மாத்தளை வழியில் மாண்டோரை அங்கு நின்று நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்த சோதனை வேறு வகையானது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் வகுத்தது. மீதி 1,50,000 பேரின் விதி பின்போடப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் பாதிபாதியாகப் பகிரப்பட்டது. லூக்கா எழுதிய சுவிசேஷத்து மேய்ப்பனும் எண்ணுகின்றான். நூறில் ஒன்று குறைந்ததை அறிந்து அதைத் தேடிப் போவதற்காக எண்ணுகின்றான். இவ்வரசுகள் எண்ணியதோ பங்கிடுவதற்காக. ஒரே லயத்து உடன்பிறந்தார் இரு நாடுகளுக்குப் பிரிக்கப்பட்டனர்.

இக்கட்டத்திலேதான் பழைய கொள்கைக்குப் புதிய பொருள் கண்டோர் தோன்றினர். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கரை உலகத்தின் துயரை நோக்கித் திருப்பியிருந்தது. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார 1972இல் அவ்வாசனத்தை விட்டு, புதிதாக அமைந்த வறிய பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றார். அதே ஆண்டில் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியிலே சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களைப் பஞ்சம் பீடித்தது; மக்கள் பட்டினியால் மாண்டனர். 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவாயிற்று. கஸ்பர்ஸ் அடிகள் தமிழரல்லர், தொழிலாளியுமல்லர். பறங்கியர், ஒக்ஸ்போர்டிற் கற்றவர். அவர் பேசியது கூலி, நிலம், பிரசாவுரிமை ஆகியவை பற்றி. அவர் துரையின் சந்தாவில் வாழவில்லை. துரையின் இசைவுக்காகக் காத்திருக்கவுமில்லை. உபதேசியாருக்கும் அவருக்குமிடையே உள்ள தூரம் கொள்கையின் தூரமன்று, நிலைக்களத்தின் தூரம் என்றே கருதுகின்றேன்.

1983 யூலை வன்செயல் மலையகத் தமிழரையும் விட்டுவைக்கவில்லை. குருநாகல் அங்கிலிக்கன் அத்தியட்சர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அவ்வாண்டு செப்டெம்பரில் தம் மறைமாவட்டத்தாருக்கு ஆற்றிய உரையில், சிங்கள மக்கள் நாணத்தோடு தம் பொறுப்பை ஏற்கவேண்டுமெனக் கேட்டார். தாமும் சிங்களவரென்ற நிலையினின்றே அவர் அதனைக் கூறினார். அடுத்த மாதமே அவர் காலமானார்.

எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. கஸ்பர்ஸ் அடிகள் 2017இல் மறைந்தார். நிலவுரிமை பற்றி அவர் எழுப்பிய கேள்வி அவரோடு மறையவில்லை. துரைமார் கட்டிய லயக் காம்பராக்களில் அம்மக்களிற் பலர் இன்றும், தமக்கெனக் காணித்துண்டு ஒன்றின்றி வாழ்கின்றனர்.